ஆய்வுக் கருத்தரங்கில் உண்மையில் என்ன நடக்கிறது? பொருளாதார முதுகலை மாணவர்களுக்கு ஓர் எளிய விளக்கம்

வேலூரிலிருந்து திருப்பத்தூர் வரை, எம்.ஏ. பொருளாதாரம் படிக்கும் யாரிடமாவது "செமினார்" என்று சொல்லிப் பாருங்கள். சிலருக்கு இன்டர்னல் மார்க் நினைவுக்கு வரும். பாடத்தில் ஒரு யூனிட்டை எடுத்துக்கொண்டு பத்து ஸ்லைடு போட்டு, வகுப்பில் நின்று படித்துவிட்டு உட்காருவது. மற்றவர்களுக்கு மேடை, குத்துவிளக்கு, பொன்னாடை, சாயங்காலம் கையில் கிடைக்கும் சான்றிதழ். இரண்டிலும் தப்பில்லை. ஆனால் ஆய்வுக் கருத்தரங்கு என்பது இந்த இரண்டும் இல்லாத வேறொன்று. அதுவும் மாணவர்களே நடத்தும் கருத்தரங்கு என்றால், அதில் என்ன செய்ய வேண்டும் என்பதே பலருக்குச் சொல்லித் தரப்படவில்லை.

இந்தக் குழப்பத்துக்கு விலை உண்டு. பேசுபவர் எல்லாம் முடிந்துபோன மாதிரி பேசுகிறார். கேட்பவர்கள் மரியாதைக்குக் கை தட்டுகிறார்கள். ஆய்வில் இருக்கும் ஓட்டை அன்றைக்குத் தெரிவதில்லை. வைவா என்னும் வாய்மொழித் தேர்வு அன்றைக்குத்தான், திருத்த நேரமே இல்லாதபோது, தெரிகிறது. நல்ல மாணவர்கள் இப்படி மாட்டிக்கொள்வதைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது. அதனால்தான் அடியிலிருந்து சொல்கிறேன்.

தையற்கடையில் நடப்பது

ஜாக்கெட் தைக்கக் கொடுக்கிறீர்கள். கவனமான தையற்காரர் எடுத்தவுடனே மெஷினில் ஓட்டிவிட மாட்டார். கையால் பெரிய பெரிய தையலாக நூலை ஓட்டி, "போட்டுப் பாருங்கம்மா" என்பார். தோள் இழுக்கிறதா, கையைத் தூக்கினால் பிடிக்கிறதா என்று பார்த்து சாக்பீஸால் கோடு போட்டுக்கொள்வார். அந்த நூலை ஒரே இழுப்பில் உருவிவிடலாம். பிரிப்பதற்காகவே போட்ட தையல் அது. மெஷின் தையல் விழுந்த பிறகு தோளைப் பிரித்தால் துணி கெட்டுவிடும்.

ஆய்வுக் கருத்தரங்கு அந்தப் போட்டுப் பார்க்கும் கட்டம். ஆய்வு முடியவில்லை, முடிவு மாறலாம், வாதத்தைப் பிரித்து மறுபடி தைக்கலாம் என்ற நிலையில் பத்துப் பேர் முன்னால் வைக்கிறீர்கள். அவர்கள் எங்கே இழுக்கிறது என்று சொல்கிறார்கள். இதைப் புரிந்துகொண்டால் பயத்தில் பாதி போய்விடும். "இந்த இடம் எனக்குப் புரியவில்லை" என்று ஒருவர் சொன்னால் அவர் உங்களை அவமானப்படுத்தவில்லை. எங்கே பிரிக்க வேண்டும் என்று கோடு போட்டுத் தருகிறார்.

தலைப்பு வேறு, கேள்வி வேறு

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் தலைப்போடு வருகிறார்கள். "ஆம்பூர் தோல் தொழில்", "பாலாற்று மாசு", "மகளிர் சுய உதவிக் குழுக்கள்". இவை தலைப்புகள். இவற்றைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் எழுதலாம். ஆனால் எழுதியது சரியா தப்பா என்று யாராலும் சோதிக்க முடியாது.

ஆய்வுக் கேள்வி என்பது, கிடைக்கும் பதில் தவறாகவும் இருக்கக்கூடிய கேள்வி. பாலாற்றையே எடுத்துக்கொள்வோம். தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு பாலாற்றில் கலப்பதை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. மாசுபடுத்தியவரே அதற்கான விலையைத் தர வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் நிலைநிறுத்திய தீர்ப்பு அது. நாடு முழுக்கச் சட்ட மாணவர்கள் படிக்கிறார்கள். "தீர்ப்புக்குப் பின் தோல் தொழில்" என்பது இன்னும் தலைப்புதான். "தீர்ப்புக்குப் பிறகு தோல் பதனிடுவதை விட்டு ஷூ தயாரிப்புக்குப் போனது பெரிய நிறுவனங்களா, சிறியவையா?" என்று கேட்டால் அது கேள்வி. இதற்குப் பதில் "பெரியவை" என்று நீங்கள் நினைத்து, தரவு "இல்லை" என்று சொல்லலாம். அந்த வாய்ப்பு இருக்கும் இடத்தில்தான் ஆய்வு தொடங்குகிறது.

"அது எப்படித் தெரியும்?"

கருத்தரங்கின் உயிர் இந்த ஒரு கேள்வியில் இருக்கிறது. ஓர் உதாரணத்தோடு முழுவதுமாகப் பார்த்துவிடலாம். இதை நிதானமாகப் படியுங்கள்.

ஒரு மாணவி எழுந்து சொல்கிறார்: "சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்த பிறகு, கிராமத்துப் பெண்கள் வேலைக்குப் போவது அதிகமாகியிருக்கிறது." நல்ல விஷயம், எல்லோருக்கும் தொடர்புள்ள விஷயம். ஆதாரம் என்ன? திட்டத்துக்கு முன்பு இவ்வளவு பேர் வேலைக்குப் போனார்கள், பின்பு இவ்வளவு பேர் போகிறார்கள் என்று ஓர் அட்டவணை காட்டுகிறார்.

அப்போது பின்வரிசையில் ஒருவர் கேட்கிறார்: "திட்டம் எப்போது வந்தது?" 2021 மே 8. "முழு ஊரடங்கு எப்போது?" மே 10. திட்டம் தொடங்கி இரண்டே நாளில் பஸ் ஓடுவதே நின்றுவிட்டது. பிறகு ஊரடங்கு தளர்ந்தது, கம்பெனிகள் திறந்தன, ஆர்டர் திரும்பியது. அந்த அட்டவணையில் தெரியும் உயர்வு இலவசப் பயணத்தால் வந்ததா, ஊரடங்கு முடிந்ததால் வந்ததா? பிரித்துச் சொல்ல முடியாது. இப்படி, நாம் சொல்லும் காரணத்தோடு ஒட்டிக்கொண்டே வந்து விளைவையும் மாற்றிவிடும் இன்னொரு காரணத்தைக் குழப்பக் காரணி என்பார்கள். முன்-பின் என்று மட்டும் ஒப்பிடும் எந்த ஆய்விலும் முதலில் தேட வேண்டியது இதைத்தான்.

சரி, என்ன செய்யலாம்? அறையில் இருப்பவர்கள் சேர்ந்து யோசிக்கிறார்கள். எல்லாக் கிராமத்துக்கும் டவுன் பஸ் போவதில்லை. சில ஊர்களுக்குக் கட்டணம் வாங்கும் புறநகர்ப் பஸ் மட்டும்தான். ஊரடங்கு முடிந்தது இரண்டு வகை ஊருக்கும் பொது. இலவசப் பயணம் ஒரு வகைக்கு மட்டும். ஒரு பேச்சுக்கு இப்படி வைத்துக்கொள்வோம். டவுன் பஸ் உள்ள ஊர்களில் நூறு பெண்களில் வேலைக்குப் போகிறவர்கள் 30-லிருந்து 38 ஆனார்கள். இல்லாத ஊர்களில் 28-லிருந்து 33. முதல் வகையில் உயர்வு 8, இரண்டாவதில் 5. அந்த 5 எப்படியும் நடந்திருக்கும் என்று கொண்டால், இலவசப் பயணத்தின் பங்கு 3 மட்டுமே. மாற்றத்திலிருந்து மாற்றத்தைக் கழிக்கும் இந்த முறைக்கு இரட்டை வேறுபாடு என்று பெயர். பெயர் பெரிதாக இருக்கிறது, உள்ளே இருப்பது மூன்று கழித்தல் கணக்கு.

இதோடு முடியவில்லை. ராணிப்பேட்டைப் பக்கத்திலிருந்து வரும் இன்னொருவர் சொல்கிறார்: "டவுன் பஸ் போகும் ஊர்கள் நகரத்துக்குப் பக்கத்தில் இருப்பவை. கம்பெனிகள் திறந்ததும் அந்த ஊர்ப் பெண்களைத்தான் முதலில் கூப்பிட்டிருப்பார்கள்." அதாவது இரண்டு வகை ஊரும் முதலிலிருந்தே ஒன்றுபோல இல்லை. இதற்குப் பதில் வேண்டுமானால் 2021-க்கு முந்தைய சில வருடங்களில் இரண்டு வகை ஊர்களும் ஒரே வேகத்தில் நகர்ந்தனவா என்று காட்ட வேண்டும். காட்டினால் வாதம் நிற்கும். இல்லாவிட்டால் ஆடும்.

அப்புறம் ஷூ கம்பெனியில் வேலை பார்க்கும் அம்மாவின் மகள் ஒருத்தி: "எங்க ஊருக்குக் கம்பெனி வேனே வருதே, பஸ் எதுக்கு?" இந்தக் கேள்வி எந்தப் பாடப்புத்தகத்திலும் கிடைக்காது. கம்பெனி வேன் வரும் ஊரில் பஸ் கட்டணம் தடையாகவே இருந்திருக்காது. அப்படியானால் இலவசப் பயணத்தின் தாக்கத்தை ஷூ கம்பெனி வேலையில் தேடுவதைவிட, ஜவுளிக்கடை, வீட்டு வேலை, மார்க்கெட் வியாபாரம் போன்றவற்றில் தேட வேண்டியிருக்கும். ஒரு வரிக் கேள்வியில் ஆய்வின் திசையே மாறிவிட்டது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தலைப்பைக் கேள்வியாக்க வேண்டும். கேள்விக்குச் சொல்லும் பதிலை "வேறு காரணம் இருக்கலாமே" என்று சோதிக்க வேண்டும். அந்த வேறு காரணத்தை விலக்க ஓர் ஒப்பீடு வேண்டும். ஒப்பீடு நியாயமானதா என்று மறுபடி சோதிக்க வேண்டும். கருத்தரங்கில் நடப்பது அடிப்படையில் இவ்வளவுதான்.

அறையில் யார் யார்

பேசுபவர் ஒருவர். அவர் எழுதியதை முன்கூட்டியே படித்துவிட்டு வந்து, முதலில் கருத்துச் சொல்பவர் ஒருவர். இவரைக் கருத்துரையாளர் என்று அழைக்கலாம். நேரத்தையும் கேள்விகளின் வரிசையையும் பார்த்துக்கொள்ள நெறியாளர். வந்த கேள்விகளை எழுதிக்கொள்ள ஒருவர். இந்த நான்காவது ஆளை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். மேடையில் நிற்பவருக்குப் பதற்றத்தில் எந்தக் கேள்வியும் நினைவில் நிற்பதில்லை, ஆகவே இவர் இல்லாமல் கருத்தரங்கு நடத்துவதில் பெரிய பலன் இல்லை.

கட்டுரையை முன்பே கொடுத்துவிடுவது மிக முக்கியம். சிகாகோ பல்கலைக்கழகத்தில் பொருளாதார அறிஞர் மில்டன் ஃப்ரீட்மன் நடத்திய பணவியல் பயிலரங்கில் கட்டுரை முன்பே கைக்கு வந்துவிடும். எல்லோரும் படித்துவிட்டு வருவார்கள். அங்கே பக்கம் பக்கமாகக் கேள்விகள் மட்டும். அவ்வளவு கடுமை நமக்கு வேண்டாம். ஆனால் கேள்வி, தரவு எங்கிருந்து, முக்கியமான ஓர் அட்டவணை என்று நான்கு பக்கமாவது இரண்டு நாள் முன்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடலாம். இல்லாவிட்டால், படிக்காமல் வருபவர்கள் கேட்கும் கேள்விகளில் பாதி நேரம் போய்விடும்.

மாணவர்களே ஏன் நடத்த வேண்டும்?

ஆசிரியர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தால் மாணவர் அவரைப் பார்த்துத்தான் பேசுவார். மதிப்பெண் அவர் கையில், கையெழுத்து அவர் கையில். "இந்த இடம் எனக்கே சந்தேகமாக இருக்கிறது" என்று அங்கே யாரும் சொல்வதில்லை. ஆய்வுக்கு மிகவும் தேவையான வாக்கியம் அதுதான். சக மாணவர்கள் மட்டும் இருக்கும் அறையில் அது எளிதாக வாயில் வருகிறது. கேட்பவர்களுக்கும் அப்படியே. எம்.ஏ. முதல் வருட மாணவர் ஒருவர் ஆராய்ச்சி மாணவரை "அண்ணா, இந்த நெடுவரிசை என்ன?" என்று கேட்க முடிகிறது.

இதில் குறையும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. எல்லோருக்கும் ஒரே அளவு தெரிந்திருந்தால் ஒரே தப்பு எல்லோர் கண்ணிலும் படாமல் போகும். அதனால் பருவத்துக்கு ஓரிரு முறை ஆசிரியரை அழைப்பது நல்லது. அவர் கடைசியில் பேசட்டும், முதலில் வேண்டாம்.

மாணவர்கள் செய்யும் வேலை சின்ன வேலை என்று நினைக்க வேண்டாம். சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளாதாரத்துக்கான முதல் பேராசிரியராக இருந்த ஆங்கிலேயர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916-ல் தன் மாணவர்களைக் கிராமங்களை ஆய்வு செய்யச் சொன்னார். அப்படி ஆய்வான ஊர்களில் ஒன்று அன்றைய வட ஆற்காடு மாவட்டத்தின் தூசி கிராமம். காஞ்சிபுரத்துக்குத் தெற்கே, இன்று திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கும் ஊர். 1930களிலும் 1980களிலும் வேறு ஆய்வாளர்கள் அதே ஊருக்குத் திரும்பிப் போய் என்ன மாறியது என்று பார்த்தார்கள். நிலம், கூலி, கடன் பற்றி நீண்ட காலத்துக்கு ஒப்பிடத்தக்க பதிவு ஒரு தமிழ்நாட்டுக் கிராமத்துக்கு இருக்கிறது என்றால், அதன் முதல் பக்கம் மாணவர்களை வைத்து எழுதியது.

நேரம் பற்றி ஒரு வார்த்தை. சாயங்காலம் ஐந்துக்கு மேல் வைத்தால் ஹாஸ்டல் கேட் மூடும் மாணவிகளும், ஊருக்குக் கடைசி பஸ் பிடிக்க வேண்டியவர்களும், பகுதி நேர வேலைக்குப் போகிறவர்களும் வர முடியாது. யார் வருகிறார்கள் என்பதைப் பொறுத்து எந்தக் கேள்வி வருகிறது என்பதும் மாறும். கம்பெனி வேன் கேள்வி வெளியூரிலிருந்து வந்து போகும் மாணவியிடமிருந்துதான் வரும். மதியத்திலேயே வைத்துவிடுங்கள்.

கேள்வி கேட்பதும் ஒரு வேலை

முதல் சில முறை எதுவும் கேட்கத் தோன்றாது. பரவாயில்லை. புரியாததைக் கேட்பதிலிருந்து தொடங்குங்கள்: "இதில் வேலை என்று எதைச் சொல்கிறீர்கள்? நூறு நாள் வேலையும் சேருமா?" எளிய கேள்விதான். ஆனால் பதில் சொல்லும்போது பேசுபவரே தன் வரையறையில் ஓட்டை இருப்பதைக் கண்டுபிடிப்பார். பழகிய பிறகு அடுத்தது: "இது உண்மை என்றால் வேறு எது உண்மையாக இருக்க வேண்டும்?" இலவசப் பயணத்தால்தான் வேலை கூடியது என்றால், சைக்கிளிலும் நடந்தும் வேலைக்குப் போகிற தூரத்தில் இருக்கும் பெண்களிடம் மாற்றம் குறைவாக இருக்க வேண்டும். இருக்கிறதா? இந்த மாதிரிக் கேள்வி தாக்குதல் இல்லை, உதவி.

யாரிடம் எப்படிக் கேட்கிறோம் என்பதையும் கவனிக்க வேண்டும். அமெரிக்காவில் நூற்றுக்கணக்கான பொருளாதாரக் கருத்தரங்குகளைப் பதிவு செய்து பார்த்த ஒரு ஆய்வு 2021-ல் வந்தது. பெண்கள் பேசும்போது ஆண்களைவிட அதிகக் கேள்விகள் வருகின்றன, அவற்றில் குத்தலான கேள்விகளும் கூடுதலாக இருக்கின்றன என்று அது கண்டது. பெரிய பல்கலைக்கழகங்களிலேயே இப்படி என்றால் நாம் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். முதல் பத்து நிமிடம் யாரும் குறுக்கிடக் கூடாது என்று ஒரு விதி வைத்தாலே நிறைய மாறும். அதைக் காப்பது நெறியாளர் வேலை.

மொழியும் முக்கியம். பி.ஏ. வரை தமிழ் வழியில் படித்தவர்கள் இங்கே அதிகம். ஆங்கில ஸ்லைடை ஆங்கிலத்திலேயே வரி வரியாக வாசித்தால் பேசுபவருக்கும் கேட்பவருக்கும் இடையில் எதுவும் கடந்து போவதில்லை. ஸ்லைடு ஆங்கிலத்தில் இருக்கட்டும், கட்டுரை கடைசியில் ஆங்கிலத்தில் போகட்டும். விவாதம் தமிழில் நடக்கட்டும். "அது எப்படித் தெரியும்?" என்று தமிழில் கேட்டால் மழுப்ப இடமிருக்காது.

வட ஆற்காட்டு எண்களில் ஒரு பொறி

இந்தப் பகுதியை ஆய்வு செய்பவர்கள் அடிக்கடி விழும் குழி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1981 மக்கள்தொகைக் கணக்கில் இருக்கும் வட ஆற்காடு மாவட்டமும் இன்றைய வேலூர் மாவட்டமும் ஒன்றல்ல. 1989-ல் திருவண்ணாமலைப் பக்கம் தனி மாவட்டமாகப் பிரிந்தது. மீதி, பெயர் மாறி, 1990களில் வேலூர் மாவட்டம் ஆனது. 2019-ல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனியாகப் போயின. ஆம்பூரும் வாணியம்பாடியும் இப்போது திருப்பத்தூர் மாவட்டத்தில். "வேலூர் மாவட்டத்தில் தோல் தொழிலாளர் எண்ணிக்கை திடீரென்று சரிந்தது" என்று யாராவது வரைபடம் காட்டினால், தொழில் சரிந்ததா எல்லைக்கோடு நகர்ந்ததா என்று முதலில் கேளுங்கள். தாலுகா அளவில் எண்களை எடுத்துப் பழைய எல்லைக்குத் திரும்பச் சேர்ப்பதுதான் வழி. அலுப்பான வேலை, ஆனால் தவிர்க்க முடியாது.

இன்னொன்று, எந்த வருடத்தைப் பார்க்கிறோம் என்பது. 1973–74-ல் கேம்பிரிட்ஜ், சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வட ஆற்காட்டின் 11 கிராமங்களில் பசுமைப் புரட்சியின் பலன் யாருக்குப் போகிறது என்று ஆராய்ந்தார்கள். அவர்களுக்கு அதில் நம்பிக்கை குறைவாகவே இருந்தது. 1982-லிருந்து 1984 வரை வேறு குழு அதே கிராமங்களுக்குப் போனது. சிறு விவசாயிகளும் நிலமற்றவர்களும்கூடப் பலன் அடைந்திருக்கிறார்கள் என்றது. அவர்கள் இரண்டு வருடம் எடுத்ததற்குக் காரணம் உண்டு. 1982–83 கடும் வறட்சி. அந்த ஒரு வருடத்தை மட்டும் பார்த்திருந்தால் படம் வேறு மாதிரி தெரிந்திருக்கும். 1990களில் மறுபடி போனவர்கள் விவாதத்தை இன்னும் நீட்டினார்கள். ஒரே ஊர்கள், ஒவ்வொருவரும் நேர்மையான ஆய்வாளர்கள், முடிவுகள் வேறு. உங்கள் கணக்கெடுப்பை எந்தப் பருவத்தில், மழை எப்படியிருந்த வருடத்தில் எடுத்தீர்கள் என்று அறையில் யாராவது கேட்டால் எரிச்சல் வேண்டாம்.

இந்த இரண்டு பொறிகளையும் சேர்த்துச் சொன்னால்: எண் எந்த எல்லைக்குள் எடுத்தது, எந்தக் காலத்தில் எடுத்தது. அட்டவணையின் தலையிலேயே இரண்டையும் எழுதிவிடுங்கள்.

முதல் முறை பேசப் போகிறவருக்கு

எல்லாவற்றையும் சொல்ல முயலாதீர்கள். இந்தியப் பொருளாதாரத்தின் முன்னுரை, வரைவிலக்கணங்கள், முந்தைய ஆய்வுகள் ஐம்பது என்று அடுக்கினால் நேரம் முடிந்துவிடும், கேள்விக்கு இடமே இருக்காது. முதல் இரண்டு நிமிடத்தில் கேள்வியைச் சொல்லுங்கள். மூன்றாவது நிமிடத்தில் நீங்கள் இப்போது நினைக்கும் பதிலைச் சொல்லுங்கள். பிறகு ஒரே ஓர் அட்டவணையை எடுத்துக்கொண்டு, அதன் ஒவ்வொரு நெடுவரிசையும் என்ன, எண் எங்கிருந்து வந்தது என்று நிதானமாக விளக்குங்கள். உங்களுக்குச் சந்தேகமாக இருக்கும் இடத்தை நீங்களே காட்டிவிடுங்கள். அதில்தான் பத்து பேரின் மூளை உங்களுக்கு வேலை செய்யும்.

பதில் தெரியாத கேள்வி வந்தால் "தெரியவில்லை, பார்த்துச் சொல்கிறேன்" என்று சொல்லிவிட்டு எழுதிக்கொள்ளுங்கள். அங்கேயே நின்று ஒரு பதிலை உருவாக்க வேண்டாம்.

முடிந்த அன்றே, குறிப்பு எழுதியவரோடு உட்கார்ந்து கேள்விகளைப் பிரித்துவிடுங்கள். சிலவற்றுக்குக் கையிலிருக்கும் தரவை இன்னொரு முறை புரட்டினால் போதும். சிலவற்றுக்கு மறுபடி ஊருக்குப் போய்க் கேட்க வேண்டியிருக்கும். ஓரிரண்டு உங்கள் கேள்வியையே மாற்றச் சொல்லும்; அவற்றை உடனே தள்ளிவிடாமல் ஒரு வாரம் வைத்திருந்து யோசியுங்கள். கேட்டவர் சொன்னதைச் சரியாகப் புரிந்துகொண்டோமா என்று சந்தேகமிருந்தால் கேன்டீனில் பிடித்துக் கேட்டுவிடுங்கள். இரண்டாம் முறை பேசும்போது போன முறை வந்த கேள்விகளில் எதற்கு என்ன செய்தீர்கள், எது இன்னும் பாக்கி என்பதை முதல் ஸ்லைடில் போடுங்கள். மற்றதை அங்கிருந்து தொடங்கலாம்.